ஸ்டிக்கருக்கு அடியில்

"தம்பி, எனக்கு எண்ணெய் கசியுது. மேலே சொல்லிடு," என்றது என்ஜின். டாஷ்போர்டில் இருந்த மஞ்சள் விளக்கு உடனே எரிந்தது. சொல்வதற்காகத்தான் அதை அங்கே வைத்திருந்தார்கள்.

வண்டிக்காரர் தனஞ்செயன் அதைப் பார்த்தார். முந்தின நாள்தான் எதிர்வீட்டுக்காரர் வண்டியைத் தடவி, "புதுசு மாதிரியே வெச்சிருக்கீங்களே" என்று சொல்லியிருந்தார்.

"கண்ணு பட்டிருச்சு," என்றார் தனஞ்செயன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். விளக்கு அணையவில்லை. அதன் மேலேயே நாக்கை நீட்டிய திருஷ்டி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டார்.

"கொஞ்சம் நகருப்பா. கீழே அண்ணன் செத்துக்கிட்டிருக்காரு," என்று விளக்கு கெஞ்சியது.

"நீ எரியறதுதான்டா இங்கே நோயே," என்றது ஸ்டிக்கர். "உன்னை மறைச்சதும் அவர் முகம் எப்படித் தெளிஞ்சுது, பார்த்தியா?"

ஒன்பதாம் நாள் நெடுஞ்சாலையில் என்ஜின் இறுகி நின்றது. "சொன்னியாடா?" என்று மட்டும் கேட்டது.

"சொல்லிட்டேதான் இருக்கேண்ணே."

பானெட்டிலிருந்து புகை வந்தது. தனஞ்செயன் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஸ்டிக்கரை அன்போடு தடவிக்கொடுத்தார்.

"நல்லவேளை, என்ஜினோட போச்சு. இவன் மட்டும் இல்லேன்னா நானே போயிருப்பேன்."

அவர் விரலுக்கு அடியில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.