மூன்றாய் மடித்த கயிறு

அப்பா விட்டுப்போன தோட்டத்தின் அகலத்தைக் கயிற்றால் அளந்து, அதைச் சரிபாதியாக மடித்து, நடுவில் குச்சி ஊன்ற வந்தார்கள் என் அண்ணன்கள் இருவரும். அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி கோமளா. உன்னக் காலேஜுல படிக்க வச்சோம்ல? அதான் உன் பங்கு" என்றான் பெரியவன் தனபால்.

"நீ பத்தாவதோட நின்னதுக்கு நானாண்ணே பொறுப்பு? படிப்பு வேற, மண்ணு வேற. மூணா மடி."

சின்னவன் சிரித்தான். "கோர்ட்டுக்கே போயிருவா போலண்ணே!"

"போவேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்திருக்கேன்."

தனபால் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பாதி மடிப்பைப் பிரித்து, மூன்றாக மடிக்கப் பார்த்தான். ஒரு மடிப்பு நீண்டது, இன்னொன்று குட்டையானது. சின்னவன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். அப்போதும் சரியாக வரவில்லை. கயிறு காலில் சுற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

"என்னடி வேடிக்க பாக்குற? வந்து இந்த மடிப்பப் புடி" என்று என்மீது எரிந்துவிழுந்தான் தனபால்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்ப் பிடித்தேன். மூவரும் இழுத்ததில் கயிறு விறைத்தது. என் பக்கத்து மடிப்பு இன்னும் குட்டையாகவே இருந்தது.

"கொஞ்சம் விடுண்ணே" என்றேன் தனபாலிடம்.

விட்டான்.