வில்ஃப் திட்டிய பீர்

"இதைப் போய் பீர்னு சொன்னா, நம்ம ஊர் ஆத்துத் தண்ணியை ஒயின்னு சொல்லலாம்!"

வில்ஃப் கிளாஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. இளஞ்சிவப்பாக, ஒரே கலங்கல்.

"ஏன் பெவர்லி, இதுல பெயின்ட் பிரஷ் ஏதாவது கழுவினியா?"

யார்க்ஷயர் கிராமத்து 'ஓல்ட் ஷட்டில்' பப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம். மாட்டு ரோஸ்ட் வாசனை கதவுவரை வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், பெவர்லியைத் தவிர. பப் அவளுடையது, கவலையும் அவளுடையதுதான்.

"கலங்கலாத்தான் இருக்கும் வில்ஃப். இப்பல்லாம் அதான் ஃபேஷன். லீட்ஸ்ல போய்ப் பாருங்க, இதுக்கு வரிசையில நிக்கிறாங்க."

"லீட்ஸ்காரன் எதுக்குத்தான் வரிசையில நிக்கல?"

வில்ஃப் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பீர் என்றால் பழைய பாணிக் கசப்புப் பீரான பிட்டர்தான். நிலவறைப் பீப்பாயில் பக்குவப்பட்டு, கைப்பம்பில் இழுத்தால் தேன் நிறத்தில் தெளிவாக வரவேண்டும். கொஞ்சம் கலங்கியிருந்தாலும் வாயே திறக்காமல் கிளாஸைத் திருப்பி நகர்த்துவார். பெவர்லியும் வாயே திறக்காமல் பீப்பாயை மாற்றிவிடுவாள். பீர் விஷயத்தில் அந்த ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"இவ்வளவு கேவலமா இருந்தா எதுக்குத் தினமும் வந்து இதையே வாங்குறீங்க?" என்றாள் பெவர்லி.

"யாராவது ஒருத்தர் குடிச்சுப் பார்த்து ஊரை எச்சரிக்கணும்ல?"

"நீங்க எச்சரிச்சது போதும் சாமி! யாரோ புதுசா காய்ச்ச ஆரம்பிச்சவங்களாம். நான் முகம்கூடப் பார்த்ததில்ல. ஒரே ஒரு வாரம் குழாயில மாட்டிப் பாருங்கன்னு வேன்காரர்கிட்ட சொல்லி அனுப்பினாங்க. மத்த பப்புல எல்லாம் முடியாதுன்னுட்டாங்களாம். பாவமேன்னு மாட்டினேன். இன்னும் முக்கால் பீப்பாய் அப்படியே கிடக்கு."

"அப்ப கழட்டிடு. நாட்டுக்கு நல்லது."

"கழட்டத்தான் போறேன். சாயங்காலம் வேன் வருது, மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துடுவேன். இதோட அவங்களும் கடையை மூட வேண்டியதுதான்" என்றாள் பெவர்லி வருத்தமாக.

பக்கத்து ஸ்டூலில் இருந்த பிளம்பர் கீத், தன் பிட்டரைக் கீழே வைத்தான்.

"அவ்வளவு மோசமாவா இருக்கு வில்ஃப்?"

"மோசமாவா? புளிக்கிற ரூபார்ப் தண்டைப் போட்டிருக்காங்கப்பா இதுல! சர்க்கரை போட்டு வேகவெச்சு, கஸ்டர்ட் ஊத்தித் திங்கவேண்டிய சாமான். முதல் வாய்க்குக் காது மடங்குது. ரெண்டாவது வாய்க்கு நாக்கு சுருளுது. மூணாவது வாய்க்கு..."

"மூணாவது வாய்க்கு?"

"வேண்டாம்ப்பா. நீ தாங்கமாட்டே."

யார்க்ஷயர்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். கீத்தின் கழுத்து சிவந்துவிட்டது.

"பெவர்லி, எனக்கு ஒண்ணு ஊத்து!"

முதல் வாய். முகம் கோணியது. இரண்டாவது வாய். ஒரு கண் மூடியது. பப் முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வாய்க்குப் பிறகு, கீத் கிளாஸைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"இதுல என்ன இருக்கு? இன்னொண்ணு குடு."

"தபால் கொண்டு போற எனக்கு நாய்க்கடியே பழக்கம். ஊத்தும்மா இங்கேயும் ஒண்ணு" என்றாள் சின்தியா.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. முகம் சுளிக்காமல் யார் குடிப்பது என்று ஜன்னலோர மேஜைக்கும் கணப்பு மேஜைக்கும் போட்டி. சுளித்தவர்கள் மறுபடி வாங்கினார்கள். சுளிக்காதவர்கள் அடுத்தவனுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். வில்ஃப் ஒவ்வொரு மேஜையாகப் போய், "உருப்படமாட்டீங்கடா! நாளைக்கு வயிறு கேள்வி கேட்கும்!" என்று சபித்துவிட்டு வந்தார். அவர் சபித்த மேஜையிலிருந்து உடனே இன்னும் நாலு கிளாஸுக்கு ஆர்டர் வந்தது.

கடைசியில் குழாய் இருமியது. நுரையைத் துப்பிவிட்டு நின்றுபோனது.

"காலி!" என்று கூவினாள் பெவர்லி. பிறகு வில்ஃப் பக்கம் சங்கடமாகத் திரும்பினாள். "தப்பா நினைச்சுக்காதீங்க வில்ஃப். வேன் வந்ததும் அடுத்த வாரத்துக்கு ரெண்டு பீப்பாய் சொல்லப்போறேன்."

வில்ஃப் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தினார்.

"இந்தப் பப் நாசமாப் போச்சு!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நல்ல மனுஷரின் மனதை நோகடித்துவிட்டோமே என்று பெவர்லிக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

ஊருக்கு வெளியே, குன்றின் மேல் இருந்தது வில்ஃபின் வீடு. மூச்சு வாங்க ஏறி வந்தவரை வாசலிலேயே மறித்துக்கொண்டாள் அவர் மனைவி மேவிஸ்.

"என்னாச்சு? சொல்லித் தொலையேன்!"

"காலி. ஒரு சொட்டு மிச்சமில்ல. அடுத்த வாரம் ரெண்டு வேணுமாம்."

மேவிஸ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிஜத்தைச் சொல்லு. உனக்கு அது கொஞ்சம்கூடப் பிடிக்கலையா?"

"எனக்கு என்னிக்கும் பிட்டர்தான். ஆனா நல்லா இருக்குன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எவ்வளவு கமிஷன்னு கேட்டிருப்பானுங்க. உன் பேரைச் சொல்லியிருந்தா, மரியாதைக்கு ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுட்டுப் போயிருப்பானுங்க."

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஆவி பறந்துகொண்டிருந்த கொட்டகைக்கு நடந்தபடியே சொன்னாள்: "அப்ப அடுத்த வாரம் இன்னும் சத்தமாத் திட்டு, வில்ஃப். ரெண்டு பீப்பாய் காய்ச்சியாகணும்!"