கீழ்ப் பல்லுக்கு ஒரு கேப்

ஒரு வாயில் மேல் கடைவாய்ப் பல்லும் கீழ்க் கடைவாய்ப் பல்லும் நாற்பது வருடங்களாக எதிரெதிரே குடியிருந்தன. முறுக்கானாலும் கரும்பானாலும் இரண்டும் சேர்ந்தே அரைத்தன. ஒருநாள் சோற்றில் கிடந்த கல்லைக் கடித்துக் கீழ்ப் பல் பிளந்துபோனது. டாக்டர் உடைந்த ஓரங்களைச் சீவிவிட்டு, மேலே மாட்ட இரண்டு கேப்புகளைக் காட்டினார். ஒன்று தங்கம், மற்றது வெள்ளை வெளேரென்ற, தேயவே தேயாத சிர்கோனியா.

மேல் பல்லுக்குப் பக்கென்றது. இனி தினமும் அந்தக் கேப்போடு மோத வேண்டியது அதுதானே?

"தம்பி, தங்கத்தையே போட்டுக்கோ. என்னோட சேர்ந்து அதுவும் கொஞ்சம் தேயும். நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துவரும்."

"தேயறதா? ஒரு தடவை உடைஞ்சவன் அண்ணே நான். அந்தப் பயம் உங்களுக்குத் தெரியாது."

"தங்கம் போட்டா சினிமா வில்லன் மாதிரி இருப்பே," என்றது நடுவில் கிடந்த நாக்கு.

கீழ்ப் பல் சிர்கோனியாவையே கேட்டு வாங்கிக்கொண்டது.

அதன் பிறகு அது உடையவே இல்லை. கல்கண்டை நொறுக்கியது, கோழி எலும்பையும் நொறுக்கியது. மேல் பல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. மூன்றாம் வருடம் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே அதற்குக் கூசியது. வாய் மறுபக்கமாகவே மென்று தின்னப் பழகிவிட்டது.

"என்ன அண்ணே, முன்ன மாதிரி என்கிட்ட வர்றதே இல்ல? எம்மேல கோபமா?" என்று கேட்டது கீழ்ப் பல்.

மேல் பல் குனிந்து பார்த்தது. கேப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"கோபமெல்லாம் இல்லை தம்பி. ஜில்லுன்னு தண்ணி வருது, கொஞ்சம் பேசாம இரு," என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தது.