மாமியாரின் சம்மதம்

“அந்த ஒரு டெஸ்ட் மட்டும் வேண்டாம் சிஸ்டர். மத்ததெல்லாம் எடுத்துக்கோங்க.”

காதோரம் இரண்டு நரை எட்டிப் பார்த்த மாமியார், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் மருமகள் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கையிலிருந்த சீட்டில் ஒரு பெயர், மூன்றாம் மாதம் என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

கர்ப்பிணிகளிடம் எச்.ஐ.வி. பரிசோதனையைப் பற்றி எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்குவது நர்ஸின் வேலை. போன வாரம் இப்படித்தான் ஒருத்தி, “தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்” என்று போனாள். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறாள். இவர்களையும் விட்டால் பிடிக்க முடியாது. அப்புறம் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

“ஏம்மா வேண்டாங்கறீங்க?”

“எங்க வீட்டு ஆம்பளை சொக்கத் தங்கம். வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை.”

“உங்க பையனை நான் ஒண்ணும் குறை சொல்லலையே.”

“என் பையனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

அப்படிப் போடு. பெற்ற பிள்ளைக்கு இதில் சம்பந்தமே இல்லையாம். வருகிற பழியெல்லாம் வாழ வந்தவள் தலையில்தான் விடியவேண்டும் போலிருக்கிறது. நர்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மருமகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். பாவம், அழுகிறது பெண்.

“இது சந்தேகப்பட்டு எடுக்கறது இல்லம்மா. வயித்துல பிள்ளையோட யார் வந்தாலும் கேட்டுட்டு எடுப்போம். இங்கே இருக்கிற டாக்டரம்மாவே எடுத்துக்கிட்டாங்க. கிருமி இருக்கா இல்லையான்னு மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இப்பவே தெரிஞ்சா மாத்திரை கொடுத்து, பிள்ளைக்குப் போகாம பெரும்பாலும் தடுத்துடலாம். தெரியாம விட்டாத்தான் வம்பு.”

“நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?” மாமியாரின் குரல் இறங்கியது.

“ரிசல்ட் இந்த ரூமைத் தாண்டாது. இந்த வயசுல நீங்கதானே பொறுப்பா முன்னால நிக்கணும்?”

“வயசைப் பத்தி மட்டும் பேசாதீங்க சிஸ்டர்.” மாமியாரின் முகம் சிவந்துவிட்டது. கைப்பையைத் திறந்து மூடினாள். “அந்த மாத்திரை பிள்ளையை ஒண்ணும் பண்ணாதே?”

“பிள்ளையைக் காப்பாத்தத்தான் அந்த மாத்திரை. கிருமி இல்லைன்னா அதுவும் வேண்டாம், நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்.”

“அப்போ சரி. எடுத்துடுங்க.”

நர்ஸுக்கு மலையைப் புரட்டிவிட்ட திருப்தி. மாமியார் மனசு மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று, மருமகளின் கையைப் பிடித்து ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.

“பயப்படாதே கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

அதற்குமேல் அடக்க முடியாமல் மருமகள் வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

“எனக்கு எதுக்கு சிஸ்டர்? வெட்கப்பட்டுக்கிட்டு வரவே மாட்டேன்னவங்களை நான்தான் இழுத்துட்டு வந்தேன். முழுகாம இருக்கறது எங்க அத்தை.”