ஐயா தெரிந்தெடுத்த கொம்பிரசர்

"ஐயா எதைக் காட்டுறாரோ அதைத்தான் எடுப்பன், அலவி நானா."

தங்கையா இப்படிச் சொன்னதும் கடைக்கார அலவி, முத்துலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். ஓய்வுபெற்ற கிளாக்கருக்கு எயர் கொம்பிரசரைப் பற்றி என்ன தெரியும்? வெள்ளவத்தையில் தன் வீட்டுப் பின்னறையைத் தங்கையாவுக்கு வாடகைக்குக் கொடுத்தவர், அவ்வளவுதான். பஞ்சிகாவத்தைக் கடைக்கு அவர் வந்ததே தங்கையா விடாப்பிடியாக இழுத்து வந்ததால்.

"எனக்கு உதொண்டும் விளங்காது தம்பி. நீரே பாத்து எடும்."

"டயருக்குக் காத்தடிக்கவா, பெயின்ட் அடிக்கவா?" என்று கேட்டார் அலவி.

"முழுக் காருக்கும் பெயின்ட் அடிக்கோணும் நானா. பழைய மொறிஸ் மைனர். ஐயான்ர பின்வளவிலதான் விட்டுத் திருத்துறன். கையில இருந்த கொம்பிரசரும் போச்சு."

"அப்ப இந்தச் சின்னது சரிவராது. வெல கொறவுதான், ஆனா பொனெட்டுல பாதி அடிக்கக்குள்ளயே காத்து முடிஞ்சிரும். பெயின்ட் திட்டுத் திட்டா விழும். சத்தமும் காதைக் கிழிக்கும். இந்தா, பெல்ட் போட்ட நூறு லீற்றர். வீட்டுக் கரண்ட்லயே ஓடும். சத்தமும் கொறவு."

"ஓட விட்டுக் காட்டுங்கோ நானா. ஐயா கேக்கட்டும். அவருக்குத் தொல்லையா இருக்கப்படாது."

மோட்டர் ஓடத் தொடங்கியது. முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப பழைய கொம்பிரசருக்கு என்ன நடந்த?" அலவி சுவிட்சை நிறுத்தினார்.

"பொலிஸ் வெட்டிப்போட்டாங்கள். நான் குண்டு செய்யிறனெண்டு ஆரோ போன் எடுத்திட்டினம். காத்துத் தாங்கியைப் பிளந்து பாத்தால் உள்ளுக்கு ஒரு கோப்பை துருத்தண்ணிதான். மூண்டு நாள் உள்ள இருந்தனான். ஐயா வந்து கையெழுத்து வைச்சிருக்காட்டி இண்டைக்கும் அங்கதான்."

"அல்லாஹ்! இந்தக் காலத்துல இப்பிடியும் ஒரு மனுசனா!" அலவி முத்துலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதிரை போட்டு இருத்தினார். பிளேன்டீ வரவழைத்தார்.

முத்துலிங்கம் கோப்பையைக் கதிரைக் காலடியில் வைத்தார். குடிக்க மனம் வருமா? அந்த 'ஆரோ' வேறு யாருமில்லை, இவரேதான்.

யுத்த காலம். நகரில் குண்டு வெடித்து ஒரு கிழமைகூட ஆகாத நேரம் அது. நடுப்பகலில் சாக்குச் சுற்றிய உருண்டைத் தாங்கி ஒன்று பின்வளவுக்கு வந்தது. அன்றே 'டக டக' என்று சத்தம், பிறகு 'உஸ்' என்று ஒரு சீற்றம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பொலிசில் பதிந்து, எட்டே மாதமான ஆள். ஏதும் நடந்தால் வீட்டுக்காரனையும் சேர்த்தல்லவா அள்ளிக்கொண்டு போவார்கள்! "என்ன தம்பி இது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் இருந்ததுதானே? கேட்கவில்லை. காலி வீதிக்குப் போய், தெரியாத ஒரு கடையிலிருந்து, தன் பெயரைச் சொல்லாமல் பொலிசுக்குப் போன் எடுத்தார்.

மூன்றாம் நாள் தன் மனைவியின் அழுகை தாங்காமல்தான் கையெழுத்து வைக்கப் போனார். வெளியே வந்த தங்கையாவின் உதடு வீங்கியிருந்தது. அந்த உதட்டோடு "நன்றி ஐயா" என்றான். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சோறாக இல்லை. இப்போது பார், போகிற இடமெல்லாம் புகழ்கிறான், பாவி!

சொல்லிவிடுவோமா? இங்கேயே, இந்த அலவிக்கு முன்னாலேயே?

"தம்பி, நான் உமக்கு ஒண்டு..."

"இஞ்ச வந்து குனிஞ்சு பாருங்கோ ஐயா. அடியில இந்தத் திருகைத் திறந்தால் தண்ணி வெளியில வரும். தாங்கிக்குள்ள வேற ஒண்டும் இல்லை. நல்லாப் பாருங்கோ."

குனிந்து பார்த்தார். கண்ணில் நீர் முட்டியதால் ஒன்றும் தெரியவில்லை.

"இதையே எடும் தம்பி," என்றார் நிமிர்ந்து.

அலவி பில் புத்தகத்தை எடுத்தார். "யார்ட பேருக்குப் போட? வழியில செக் பொயின்ட்ல பில் கேப்பானுவள்."

"ஐயான்ர பேருக்குப் போடுங்கோ. அடையாள அட்டை நம்பரையும் எழுதுங்கோ, அதுதான் நல்லது."

முத்துலிங்கம் பதறிப்போய்ப் பில் புத்தகத்தைப் பார்த்தார். இந்த இரும்புத் தாங்கி தன் பெயரிலா? அடுத்த கணமே தன்னை நினைத்துக் கூசினார். சீ, இன்னுமா இந்தப் பயம்! செய்த பாவத்துக்கு இவ்வளவாவது செய்யக்கூடாதா? சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக மனம் கொஞ்சம் லேசானது.

தங்கையா காசைக் கொடுத்தான். கொம்பிரசரைச் சின்ன லொறியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினான். பிறகு பில்லை நான்காக மடித்து, முத்துலிங்கத்தின் சட்டைப்பையில் தன் கையாலேயே வைத்தான்.

"பத்திரமா வைச்சிருங்கோ ஐயா. அண்டைக்குப் போன் எடுத்தவர் என்ர அடையாள அட்டை நம்பரைக்கூடப் பிழையில்லாமல் சொன்னவரெண்டு பொலிசே சொன்னது. பொலிஸ் பதிவுக்கெண்டு அந்த நம்பரை நான் எழுதிக் குடுத்தது உங்களிட்ட மட்டும்தான்."

அவன் குரலில் கோபமே இல்லை.

"இனிப் போன் எடுக்கிறதெண்டால் உங்கட நம்பரைத்தான் சொல்லவேண்டி வரும். ஏறுங்கோ, போவம்."