டமாருக்கு ஒரு பிஸ்கட்

"வெடிச்சது நீதானே?"

மேல் வீட்டுக் கணக்கு டீச்சர் எங்கள் வாசலில் நின்று கேட்டார். அம்மா கரண்டியோடு வந்தாள். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். விசாரணை முடிந்தது. தீர்ப்பு மட்டும்தான் பாக்கி.

"சத்தியமா நான் இல்ல மிஸ்!"

"உன்னை விட்டா இந்த பில்டிங்ல வேற யாருடி?"

நியாயமான கேள்விதான். நான் குக்கர் விசில் அடித்தால் மூன்று வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். வாட்ச்மேன் மாதிரி இருமினால் கேட்டை மறித்து நிற்கிற வண்டிகள் தானாக நகரும். ஆனால் ஒரு வாரமாகச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கீழேயிருந்து கேட்கிற அந்த 'டமார்' மட்டும் என் வாயிலிருந்து வந்ததில்லை.

"போன புத்தாண்டுக்கு வெடிக்குப் பயந்து ஓடின பூஜ்யம், மூணு நாள் கழிச்சு நொண்டிக்கிட்டு வந்துச்சே, மறந்துட்டியா?"

பூஜ்யம், டீச்சரின் நாய். கணக்கு டீச்சர் வேறு என்ன பேர் வைப்பார்?

"இன்னும் நாலே நாள். இந்தத் தடவை ஓடினா திரும்பி வருமோ வராதோ. நாளைக்கு என் தம்பி வர்றான். அவனோடயே அனுப்பிடப் போறேன்."

"ஒரேயடியாவா?" என்றாள் அம்மா.

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்கே ஆளைப் பிடிச்சுக் குடுக்கறேன் மிஸ்!"

ஐந்து மணிக்கு டீச்சர் ட்யூஷன் எடுப்பார். பூஜ்யம் கீழே போய் ஊர் சுற்றும் நேரம் அது. நான் மாடிப்படி மறைவில் பதுங்கினேன்.

டமார்!

சத்தம் ஸ்பீக்கர் அக்கா கடையிலிருந்து! தரைத்தளத்தில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவள். 'மைக் டெஸ்டிங், ஒன், டூ' தகராறில் டீச்சருக்கும் அவளுக்கும் ஆறு மாதமாகப் பேச்சே இல்லை.

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஆள் உயர ஸ்பீக்கர். அதற்கு எதிரே பூஜ்யம்!

அடிப்பாவி! டீச்சர் மேல் இருக்கிற கோபத்தை வாயில்லா ஜீவன் மேலயா காட்டுவாங்க?

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். ட்யூஷன் கதவு சாத்தியிருந்தது. வாட்ச்மேன் குரலில், "மேடம், சீக்கிரம் வாங்க!" என்றேன். படாரென்று திறந்தது.

டீச்சர் சாக்பீஸும் கையுமாக இறங்கினார். பின்னாலேயே ட்யூஷன் பிள்ளைகள் ஏழு பேர். ஷட்டர் மேலே போனது.

"என்னடி பண்றே என் பிள்ளையை?"

ஸ்பீக்கர் அக்கா திருதிருவென்று விழித்தாள். கை பதறிப் பொத்தானில் பட்டது.

டமார்!

நாங்கள் ஒன்பது பேரும் துள்ளிக் குதித்தோம். பூஜ்யம் அசையவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு அக்காவின் கையையே பார்த்தது. அக்கா ஒரு பிஸ்கட் போட்டாள்.

"ஒரு மாசமாப் பழக்கறேன் மிஸ். முதல்ல கொசு சத்தம் அளவுக்குத்தான் வெச்சேன். தினம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினேன். ஒரு டமாருக்கு ஒரு பிஸ்கட். இப்ப வால்யூம் எட்டுல நிக்குது. பத்துக்கு வந்துட்டா நிஜ வெடிக்கும் ஓடாது. எதுக்கும் அன்னிக்கு வீட்டுக்குள்ளயே வெச்சு, ஜன்னலைச் சாத்திடுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மைக் டெஸ்டிங்குக்கே போலீசைக் கூப்பிடுவேன்னீங்க. வெடின்னா விட்டிருப்பீங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். அங்கே நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டார். "டேய், நீ வர வேணாம். பூஜ்யம் எங்கேயும் போகல."

பிறகு அக்காவின் தோளில் கை வைத்தார்.

"நாய் என்னோடது. நீ ஏம்மா இவ்வளவு கஷ்டப்பட்டே?"

"போன வருஷம் மாடிப்படிக்குக் கீழ யாரோ சரவெடி கொளுத்தினாங்கல்ல மிஸ்? அது அலறி ஓடினதை இங்க நின்னு பார்த்தேன். மனசு கேக்கல."

"கொளுத்தினது யாருன்னு பார்த்தியா?"

ஸ்பீக்கர் அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரே புகை மிஸ். சரியாத் தெரியல."

சொல்லிவிட்டு பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் திணித்தாள். பூஜ்யம் ஓடி வந்து என் காலடியில் உட்கார்ந்தது.

அந்தச் சரம் என்னுடையது. நான் கேட்டதும் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தது ஸ்பீக்கர் அக்கா.