கீறல் விழாத படகு

காலை ஒன்பது மணிக்கெல்லாம் மாயாண்டி போடிமெட்டு ஏலத்தோட்டத்துக்கு வந்துவிட்டான். அணையில் படகு விடும் தொழில் செய்வதாகவும், தோட்டத்துப் படகை விலைக்கு வாங்க வருவதாகவும் போனில் சொல்லியிருந்தான். மேனேஜர் ஜெயக்கொடி ஸ்டோரைத் திறந்து, ஏலக்காய் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயாக்கை, ஒற்றை ஆள் துடுப்புப் படகை, வெளியே இழுத்தார்.

"வாங்கி மூணு வருசம் ஆச்சு தம்பி. இன்னும் இருவது வருசம் உழைக்கும்."

"வெயில்ல கெடந்தா பிளாஸ்டிக் வெளிறி வெடிச்சுப் போகும்ணே."

"வெயிலே படல. முதலாளி விடுதி கட்டப்போறேன்னு வாங்குனாரு. விடுதியும் வரல, இதுவும் வெளிய வரல."

"ஓடுன படகுன்னா பாதி விலைதான். தண்ணியே பாக்காததுன்னா புது விலையே தர்றேன்."

ஜெயக்கொடி சிரித்தார். "அப்ப புது விலைய எடுத்து வையி."

மாயாண்டி கயாக்கைக் கவிழ்த்துப் போட்டான். தோட்டத்துக் குளத்தின் கரை முழுக்கப் பாறை. ஒருமுறை இறக்கி ஏற்றினாலே படகின் அடியில் கீறல் விழும். முனையிலிருந்து முனை வரை விரலால் தடவினான். வழவழவென்று இருந்தது.

"நெசமாவே இறக்கலையா?"

"எம்புள்ளைக மேல சத்தியம். ஒருநா கூட இறக்கல."

மாயாண்டி எழுந்து நின்றான்.

"போன மாசம் உங்க குளத்துல செத்த அருண்பாண்டி என் கூடப் பொறந்தவன்ணே. இந்தப் படகு கவுந்துதான் செத்தான்னு எங்க ஆத்தாகிட்ட சொன்னீங்க. அப்ப அவன் எப்படிண்ணே செத்தான்?"